பிரிக்கும்போதே வெடிக்கும் பொட்டலம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கதையை ஒரு கதவுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க பெரியப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஆயுதபூஜைக்கு என்னையும் ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு வேலை கிடையாது. சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல். வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். ஒரு மருந்து அறை வாசலில் என்னை நிறுத்தினார். செருப்பைக் கழற்றச் சொன்னார். சட்டைப் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். வாசலில் இருந்த உலோகத் தகட்டில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். நான் எட்டிப் பார்க்கிறேன், உள்ளே கழுவிவிட்ட வெறும் தரை.

"உள்ள ஒண்ணுமே இல்லையே பெரியப்பா?"

"உள்ள என்ன இருக்குங்கிறது எனக்குத் தெரியும்ப்பா. வெளிய இருந்து நீ என்ன கொண்டு வர்றேங்கிறதுதான் எனக்குத் தெரியாது."

அந்தத் தகடு எதுக்குன்னு பிறகுதான் புரிந்தது. நடக்கும்போது, துணி உரசும்போது நம் உடம்பில் மின்னேற்றம் சேரும். நமக்கே தெரியாது. அதே கையால் அலுமினியப் பொடி கலந்த மருந்தைத் தொட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். தகட்டைத் தொட்டால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். யார் கெட்டவர், யார் நல்லவர் என்று அந்தத் தகடு பார்ப்பதில்லை. முதலாளியே வந்தாலும் கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இன்றைக்கு நான் பார்க்கிற வேலை வேறு. சின்னக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் எழுதுகிறேன். எம்பெடட் என்று சொல்வார்கள். மீட்டர், மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார், இந்த மாதிரி. அந்த உலகத்தில் ஒரு பழைய ஓட்டை உண்டு. அதன் பெயர் டீசீரியலைசேஷன். பெயரைக் கேட்டு ஓடிடாதீங்க. இது நம்ம ஊர்க்காரர்களுக்கு நல்லாவே புரியும்.

தீப்பெட்டி அட்டையும் மடிப்புக்கோடும்

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கொல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை குறைவான, கரிசல் வறண்டு கிடந்த ஊர். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த அந்த வறட்சி, மருந்து காய வைக்கிற தொழிலுக்கு வரமாக அமைந்தது. தீப்பெட்டி வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது. அதே கந்தகம், அதே திறமையை வைத்துப் பட்டாசு வந்தது. மூன்று தொழிலும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி.

தீப்பெட்டி ஒட்டுகிற வீடுகளை அந்தப் பக்கத்து ஆட்கள் பார்த்திருப்பீங்க. பெட்டி பெட்டியாகவே லாரியில் வராது. வெறும் காற்றைத்தானே ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும்! தட்டையான அட்டையாக, மடிப்புக்கோடு போட்டு, கட்டுக்கட்டாக வரும். வீட்டில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்து மடித்து ஒட்டினால் பெட்டி.

கம்ப்யூட்டருக்குள்ளும் இதேதான். நினைவகத்தில் ஒரு தகவல் இருக்கிறது: ஒரு மோட்டாரின் வேகம், வெப்பநிலை, யார் இயக்கினார் என்று பல பாகங்கள், ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு. அதை அப்படியே கம்பியில் அனுப்ப முடியாது. தட்டையாக்கி, ஒரே நீளமான பைட் வரிசையாக அனுப்புகிறோம். அது சீரியலைசேஷன். அந்தப் பக்கம் இருப்பவர் மறுபடி மடித்துப் பெட்டியாக்குகிறார். அது டீசீரியலைசேஷன்.

சரி, இதில் ஆபத்து எங்கே வருகிறது? மடிக்கிறவர் அட்டையில் உள்ள கோட்டை நம்புகிறார். எத்தனை மடிப்பு, எங்கே மடிப்பு என்பதை அட்டைதான் சொல்கிறது. அந்தக் கோட்டை வேறு யாரோ போட்டு அனுப்பியிருந்தால்? "அடுத்து 200 பைட் வருகிறது" என்று பொட்டலம் சொல்கிறது, வாங்குகிற பக்கத்தில் ஒதுக்கியிருக்கும் இடமோ 64 பைட். எண்ணிப் பார்க்காமல் கொட்டினால் மீதி 136 பைட் பக்கத்து அறைக்குள் வழியும். பக்கத்து அறையில் இருப்பது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற நிரலின் குறிப்பாக இருந்தால், இனி அந்தக் கருவியை ஓட்டுவது நீங்கள் இல்லை.

1988 முதல் 2015 வரை

இது ஏதோ நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சின்னச் சேவை. வெளியிலிருந்து வரும் ஒரு வரியைப் படித்து 512 பைட் இடத்தில் வைக்கும். வரி அதற்கு மேல் நீளமாக இருந்தால்? யாரும் கேட்கவில்லை. அன்றைய சின்ன இணையத்தில் சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள்.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியமானது. 1997-ல் ஜாவா மொழியின் 1.1 பதிப்பில் பொருள்களைத் தட்டையாக்கி அனுப்பும் வசதியை மொழிக்குள்ளேயே வைத்தார்கள். புரோகிராமர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்த பைட் வரிசைக்குள் தகவல் மட்டும் வருவதில்லை. "என்னை இந்த வகைப் பொருளாக உருவாக்கு" என்ற உத்தரவும் சேர்ந்தே வருகிறது. வாங்குகிற கணினி சொன்னபடி உருவாக்குகிறது. உருவாக்கும்போதே அந்தப் பொருளின் சொந்த நிரலும் ஓடுகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் "அட, நான் கேட்டது இது இல்லையே" என்று சரிபார்க்கிறது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிடும். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும், ஆனால் பிரிக்கும்போதே வெடிக்கிறது. பைதான் மொழியில் பிக்கிள் என்று ஒன்று இருக்கிறது. அதே குணம். அதன் அதிகாரபூர்வ ஆவணமே, நம்பாத இடத்திலிருந்து வருவதைத் திறக்காதே என்று எச்சரிக்கிறது.

2015 ஜனவரியில் கிறிஸ் ஃப்ரோஹாஃப், கேப்ரியல் லாரன்ஸ் என்ற இருவர் கலிஃபோர்னியாவில் ஒரு கருத்தரங்கில் இதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் கண்டுபிடித்ததைச் சிவகாசிக்காரரிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: சரவெடி.

எப்படி என்றால், தாக்குகிறவர் தன் கெட்ட நிரலை அனுப்பவே இல்லை. கணினியில் ஏற்கெனவே இருக்கும் நல்ல நிரல் துண்டுகளையே திரியால் கோத்து அனுப்புகிறார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாது. அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் என்ற நூலகத்தில் உள்ள துண்டுகள் அவை. உலகமெங்கும் பயன்பாட்டில் இருந்த, யாரும் சந்தேகப்படாத நூலகம். முதல் துண்டு பற்றினால் அடுத்ததைப் பற்ற வைக்கும், அது அடுத்ததை. கடைசி வெடி, தாக்குகிறவர் விரும்பிய கட்டளை. தனி வெடியின் கணக்கு வேறு, கோத்த வெடியின் கணக்கு வேறு. நம் உச்சநீதிமன்றம் 2018-ல் சரவெடியைத் தனியாகக் குறிப்பிட்டுத் தடுத்ததற்குக் காரணம் அதன் புகையும் சத்தமும் குப்பையும் என்றாலும், கோப்பதுதான் ஆபத்தின் தன்மையை மாற்றுகிறது என்ற பாடம் இரண்டு இடத்துக்கும் பொது.

ஜனவரியில் பேசியதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஸ்டீபன் ப்ரீன் என்ற ஆய்வாளர், வெப்லாஜிக், வெப்ஸ்ஃபியர், ஜேபாஸ், ஜென்கின்ஸ் என்று பெரிய பெரிய நிறுவனங்கள் நம்பி ஓட்டும் மென்பொருள்களில் இது வேலை செய்வதைக் காட்டிய பிறகுதான் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். ஓராண்டு கழித்து, 2016 நவம்பர் கடைசியில், சான் பிரான்சிஸ்கோ நகரின் முனி ரயில் கணினிகள் பூட்டப்பட்டன. டிக்கெட் கேட்டைத் திறந்துவிட்டு மக்களை இலவசமாகப் பயணம் செய்ய விட்டார்கள். தாக்கியவர் இதே வகை ஓட்டைகளைத் தேடி அலைந்தவர் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2018-ல் ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட், 1997-ல் அந்த வசதியை வைத்ததே பயங்கரமான தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். செய்த தவறை 21 வருஷம் கழித்து மேடையில் ஒப்புக்கொள்வது அந்தத் துறையில் அபூர்வம்.

பட்டாசுக்கே வந்த கம்ப்யூட்டர்

இவ்வளவும் சர்வர் கதை. ஒரு சர்வர் கெட்டால் தகவல் போகும், பணம் போகும். ஆனால் கை கால் உள்ள கருவிக்குள் இதே ஓட்டை இருந்தால்?

இப்போதெல்லாம் பெரிய வாணவேடிக்கையில் ஊதுபத்தியோடு ஓடும் ஆள் இல்லை. குழாய்களுக்குள் ஷெல் இறக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றின் திரியிலும் ஒரு மின்தீக்குச்சி. உள்ளே மெல்லிய கம்பி, அதன் மேல் துளி மருந்து. கரண்ட் பாய்ந்தால் கம்பி பழுத்து மருந்து பற்றும். கம்பிகள் எல்லாம் ஒரு பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டி ரேடியோவில் ரிமோட்டோடு பேசும். முதலில் தயார்நிலைக் கட்டளை, பிறகு சுடும் கட்டளை. ஆள் தூரத்தில் நிற்கலாம் என்பதால் இது உண்மையிலேயே பாதுகாப்பான முன்னேற்றம்தான்.

2014-ல் பிரான்ஸில் யூரேகாம் என்ற ஆய்வு நிறுவனத்தில் ஆந்த்ரெய் கோஸ்டின், அவரெலியன் ஃப்ரான்சிலோன் இருவரும் கருவிகளுக்குள் ஓடும் ஃபர்ம்வேரை ஆயிரக்கணக்கில் இணையத்திலிருந்து திரட்டி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சுமார் 32,000 ஃபர்ம்வேர். அந்த ஆண்டு அவர்கள் எழுதிய தனிக் கட்டுரை ஒன்று இப்படிப்பட்ட கம்பியில்லா வாணவேடிக்கைக் கருவியைப் பற்றியது. பட்டாசுத் துறையைப் பற்றி முன் அனுபவம் எதுவும் இல்லாமலே, குறைந்த நாட்களில், ஃபர்ம்வேரைப் பிரித்துப் படித்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, உண்மையான கருவியில் தாக்குதலைச் செய்தும் காட்டினார்கள்.

ஓட்டை என்ன? காற்றில் வரும் கட்டளைப் பொட்டலத்தைப் பெட்டி வாங்குகிறது, பிரிக்கிறது, செய்கிறது. இது என் ரிமோட்டிடமிருந்து வந்ததா, பக்கத்துத் தெருவில் நிற்கும் லேப்டாப்பிடமிருந்து வந்ததா என்று பிரித்தறிய அதனிடம் வழி இல்லை. மருந்து அறை வாசலில் தகடும் இல்லை, தடுத்துக் கேட்கப் போர்மேனும் இல்லை.

இதை முதல் முறை படித்தபோது எனக்குக் கை சில்லிட்டது. ஏனென்றால் சுடும் கட்டளை தவறான நேரத்தில் வந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். குழாய்க்கு மேல் குனிந்து கம்பி சொருகிக்கொண்டிருக்கும் ஆள். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வேடிக்கை கட்டப் போகிற எங்க பக்கத்துப் பையன்கள் மாதிரி ஒருத்தன். 20 வயசு இருக்கும்.

இந்தக் கருவி ஒரு விதிவிலக்கு என்றும் சொல்ல முடியாது. 2019 ஜூலையில் ஆர்மிஸ் என்ற நிறுவனம் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயக்குதளத்தில் 11 ஓட்டைகளை வெளியிட்டது. அர்ஜென்ட்/11 என்று பெயர். மருத்துவமனைக் கருவிகள், ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், பிரிண்டர்கள் என்று எங்கும் இருக்கும் இயக்குதளம் அது. ஓட்டை இருந்த இடம், வலைப்பின்னலிலிருந்து வரும் பொட்டலத்தைப் பிரிக்கும் பகுதி. 2022-ல் கிளாரட்டி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதையே தலைகீழாக்கிக் காட்டினார்கள். ஆலையில் இயந்திரத்தை ஓட்டும் பிஎல்சி பெட்டியில் பழுது என்று இன்ஜினியர் லேப்டாப்பைச் செருகுகிறார், உள்ளே உள்ளதைப் படித்துப் பார்க்க. அந்தப் பெட்டிக்குள் முன்பே யாரோ நஞ்சு வைத்திருந்தால், படிக்கும்போது லேப்டாப்பே வீழ்கிறது. ராக்வெல், ஷ்னைடர், ஜிஇ உட்பட ஏழு நிறுவனங்களின் மென்பொருளில் இது நடந்தது. "என் சொந்தப் பெட்டிதானே" என்ற நம்பிக்கைதான் அங்கே ஓட்டை.

ஏன் கருவிகளில் இது இவ்வளவு மோசம்? உங்கள் ஃபோன் மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்கிறது. ஆலைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய பெட்டி பத்துப் பதினைந்து வருஷம் அப்படியே ஓடும். அதில் இருப்பது சில கிலோபைட் நினைவகம். அறைக்கும் அறைக்கும் நடுவே சுவர்கூட இருக்காது. அதே ஃபர்ம்வேர் ஆயிரம் பெட்டியில். ஒன்றைத் திறந்த சாவி எல்லாவற்றையும் திறக்கும்.

என் கையால் நடந்தது

இப்போ என் கதையைச் சொல்லணும். இதைச் சொல்ல ரொம்ப நாள் யோசித்தேன்.

என் முதல் வேலை. ஆஃப்செட் அச்சு இயந்திரத்தோடு இணைக்கும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு நான்தான் மென்பொருள் எழுதினேன். அமைப்பு விவரங்களை ஒரு ஃபைலாக வைஃபையில் அனுப்பலாம். பெட்டி அதை வாங்கி, அப்படியே நினைவகத்தில் கொட்டிக்கொள்ளும். ஒரே வரி நிரல். எவ்வளவு எளிமை என்று எனக்கே பெருமை.

எங்க ஊர்ப்பக்கம் ஒரு அச்சகத்தில் அதைப் பொருத்தினோம். சில மாதம் கழித்து, புதுப் பதிப்பு மென்பொருள் ஏற்றினேன். அதில் நடுவே ஒரு புது விவரம் சேர்த்திருந்தேன், இரண்டு பைட். அங்கே இருந்த ஆள் பழைய ஃபைலையே மறுபடி ஏற்றினார். அவர் மேல் தப்பே இல்லை. அந்த ஃபைல்தான் அவரிடம் இருந்தது. பெட்டி மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டது. இரண்டு பைட் தள்ளிப்போய், ஒவ்வொரு எண்ணும் பக்கத்து எண்ணின் இடத்தில் உட்கார்ந்தது.

மை துடைக்கும் நேரம். இன்ச்சிங் பட்டனைத் தட்டினால் சிலிண்டர் கொஞ்சம் உருண்டு நிற்க வேண்டும். உருண்டது. நிற்கவில்லை. துணியை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் கையை உருவிக்கொண்டார். துணி உள்ளே போனது. இன்னொருவர் அவசர நிறுத்தத்தை அடித்தார். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அண்ணன் அன்றைக்கு முழுக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள்.

இதில் ஹேக்கர் யாரும் இல்லை பாருங்க. எதிரி யாரும் இல்லை. என் சொந்த ஃபைல், என் சொந்தப் பெட்டி. நம்பத் தகாத தகவல் என்றால் திருடன் அனுப்பியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது: சரிபார்க்காத தகவல் எல்லாமே நம்பத் தகாத தகவல்தான். பெரியப்பா என் பையைக் கவிழ்க்கச் சொன்னது நான் திருடன் என்பதற்காக இல்லையே.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாசல்ல யாரு நின்னா?" என்று மட்டும் கேட்டார். பதில் என்னிடம் இல்லை. வாசல் என்று ஒன்றை நான் கட்டவே இல்லை.

விதி எப்படி வந்தது

சிவகாசி விதிகளை வைத்துக்கொண்டு பிறக்கவில்லை. 1884-ல் வெடிமருந்துச் சட்டம், 1940-ல் விதிகள், 2008-ல் திருத்திய விதிகள் என்று படிப்படியாக வந்தவை. மருந்து கலக்கும் அறை தனி, செலுத்தும் அறை தனி. ஒரு அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான். அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி. கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கேயோ யாரோ செத்திருக்கிறார்கள்.

விதி காகிதத்தில் இருந்தும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் குறைந்தது 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகளே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவ ஓடி வந்தவர்கள், என்ன என்று பார்க்க வந்த ஊர்க்காரர்கள். ஒரு அறையில் தொடங்கியது அந்த அறையோடு நிற்காதபோது என்ன ஆகும் என்பதை எங்க மாவட்டம் அப்படித்தான் பார்த்தது.

மென்பொருள் உலகம் இப்போதுதான் தன் விதிகளை எழுதிக்கொண்டிருக்கிறது. பட்டாசு ஆலையை மனசில் வைத்துக்கொண்டால் அவை எளிதாகப் புரியும்.

முதலில், வாசல் தகடு. பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே அனுப்பியவரின் டிஜிட்டல் முத்திரையைச் சரிபார்க்க வேண்டும். பிரித்த பிறகு இல்லை, முன்பே. அந்த முத்திரையை ரகசியச் சாவி உள்ளவர் மட்டுமே போட முடிய வேண்டும்.

ஆனால் முத்திரை மட்டும் போதாது. நேற்று காற்றில் போன உண்மையான சுடும் கட்டளையை ஒருவர் பதிவு செய்து இன்று திரும்ப ஒலிபரப்பினால், முத்திரை அசல்தானே! அதனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஏறிக்கொண்டே போகும் எண் வேண்டும். பழைய எண் வந்தால் வாங்கக் கூடாது. ஒரே ரசீதைக் காட்டி இரண்டு தடவை சரக்கு எடுக்க முடியாதில்லையா, அதுபோல.

மூன்றாவது, அளவு. இந்தப் பெட்டிக்கு வர வேண்டியது எந்தப் பதிப்பு, எத்தனை பைட், ஒவ்வொரு எண்ணும் எதிலிருந்து எதுவரை என்று முன்பே எழுதி வைத்து, ஒன்று மீறினாலும் முழுப் பொட்டலத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும். பாதியை ஏற்றுக்கொள்வது ஆபத்து. "இந்த வகைப் பொருளாக என்னை உருவாக்கு" என்று சொல்லும் உரிமையைப் பொட்டலத்துக்குக் கொடுக்கவே கூடாது. தகவல் தகவலாக மட்டும் வரட்டும்.

நான்காவது, இடைவெளி. 2019-ல் நம்ம கூடங்குளத்தில் நடந்தது ஞாபகம் இருக்கா? அணுமின் கழகக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை அக்டோபர் 30 அன்று கழகமே ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வேலைக்கான இணைய வலைப்பின்னலில் இருந்த கணினி, உலையை இயக்கும் வலைப்பின்னலோடு அதற்குத் தொடர்பில்லை என்றது. வைரஸ் நுழைந்தது தோல்விதான். ஆனால் நடுவே இருந்த அந்த இடைவெளி, மருந்து அறைகளுக்கு நடுவே வேப்பமரம் நிற்கிற காலி இடம் மாதிரி. ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், வேலை செய்வது அதுதான்.

கடைசியாக, மென்பொருளே ஏமாந்தாலும் உயிரைக் காக்க ஒரு உலோகச் சாவி. ஆள் குழாய்ப் பக்கத்தில் இருக்கும்போது மின்சுற்றையே கையால் துண்டித்து வைக்கிற சாவி. எந்தப் பொட்டலமும் அதைத் திருப்ப முடியாது.

அச்சடித்த ஊரின் பாடம்

இன்னும் ஒன்று. 2019-ல் பசுமைப் பட்டாசு வந்தபோது, போலியைத் தடுக்கப் பெட்டியின் மேல் நீரி நிறுவனத்தின் சின்னமும் க்யூஆர் குறியீடும் அச்சடித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் யோசிச்சுப் பாருங்க, எந்த ஊரில் அச்சடிக்கிறார்கள்? நூறு வருஷமாக நாட்டுக்கே லேபிள் அடித்த ஊர். அச்சடித்த எதையும் இன்னொரு தடவை அச்சடிக்க முடியும் என்று அந்த ஊருக்குத் தெரியாதா? 2021-ல் உச்சநீதிமன்றமே, பசுமைப் பட்டாசு என்ற போர்வையில் தடை செய்த ரசாயனம் விற்கப்படுவதைக் கண்டித்தது. க்யூஆர் குறியீடு என்பதும் தட்டையாக்கி அனுப்பிய தகவல்தான். அதைப் படிக்க முடிகிறது என்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது. லேபிள் வேறு, முத்திரை வேறு. கருவிகள் செய்கிற தவறும் இதேதான்: படிக்க முடிந்ததை எல்லாம் நம்பிவிடுகின்றன.

சட்டமும் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட வேண்டும். ஐரோப்பாவின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது; அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் தொடங்குகின்றன. கருவி விற்றால், விற்ற பிறகும் ஓட்டையை அடைக்கும் பொறுப்பு உனக்குத்தான் என்கிறது அது. பட்டாசு ஆலைக்கு உரிமமும் போர்மேனும் கட்டாயம் என்று சொல்ல ஒரு தலைமுறை ஆனது. இதற்கும் அவ்வளவு காலம் ஆகக்கூடாது என்பதுதான் என் ஆசை.

அந்த அச்சகத்துக்கு நான் மறுபடி போனேன். மென்பொருளை முழுக்க மாற்றி எழுதினேன். இப்போது அந்தப் பெட்டி பழைய ஃபைலைக் கொடுத்தால் வாங்காது. சிவப்பு விளக்கு எரிந்து அப்படியே நிற்கும். துணி இழுபட்ட அந்த அண்ணனிடம் பழைய ஃபைலைக் கொடுத்து ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். விளக்கு எரிந்தது. அவர் இன்ச்சிங் பட்டனை ஒரு தடவை தட்டினார். சிலிண்டர் அசையவில்லை. இன்னொரு தடவை தட்டினார். பிறகுதான் துணியைக் கையில் எடுத்தார்.

உங்களில் யாராவது கருவிக்கு மென்பொருள் எழுதுகிறவராக இருந்தால், இன்றைக்கு ஆபீஸ் போனதும் ஒன்று மட்டும் பாருங்க: வெளியிலிருந்து வருகிற பொட்டலத்தை உங்கள் நிரல் எந்த வரியில் பிரிக்கிறது, அதற்கு முந்தைய வரியில் என்ன இருக்கிறது. அவ்வளவுதான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.